கதவு திறக்கும் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரெஞ்சு நாடக ஆசிரியர் ஜார்ஜ் ஃபேதோ பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, அவரை வெறும் சிரிப்பு வியாபாரியாக்கி இரண்டே பத்தியில் அனுப்பிவைத்துவிட்டது. மேடைக்குப் பின்னால் நின்று, கதவு திறக்கவும் மணி அடிக்கவும் சைகை கொடுத்தே காலம் கழித்தவன் நான். எனக்கு மனம் ஆறவில்லை. சோக நாடகத்தில் நடிகர் சற்றுத் தாமதமாக நுழைந்தால் அதையும் உருக்கம் என்று பார்வையாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஃபேதோவின் சிரிப்பு நாடகங்களில் அந்தச் சலுகை கிடையாது; கதவு சற்றுப் பிந்தித் திறந்தாலும் சிரிப்பு போய்விடும்.

1907-இல் பாரிஸில் மேடையேறிய 'லா பூஸ் அ லொரேய்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவரின் கால்சட்டையைத் தாங்கும் தோள்வார் ஒரு விடுதியிலிருந்து பார்சலில் வருகிறது. மனைவிக்குச் சந்தேகம். கணவரைச் சோதிக்கத் தோழியைக் கொண்டு ஒரு காதல் கடிதம் எழுத வைக்கிறாள். தோழியின் கணவனோ கையெழுத்தை அடையாளம் கண்டு துப்பாக்கியோடு கிளம்பிவிடுகிறான்! அந்த விடுதியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கட்டில் சுவரோடு சுழலும். அடுத்த அறையில் வாத நோயோடு படுத்திருக்கும் கிழவர் இந்தப் பக்கம் வந்துவிடுவார். போதாததற்கு, கணவருக்கும் விடுதியின் குடிகாரப் பணியாளுக்கும் ஒரே முகம். ஒரே நடிகர் ஒரு வழியாகக் கணவராகப் போய், இன்னொரு வழியாகப் பணியாளாக வர வேண்டும். நடுவே உடை மாற்றும் அவகாசத்துக்கும் சேர்த்துத்தான் மற்றவர்களின் வசனம் ஓட வேண்டும். அண்ணப் பிளவுள்ள இளைஞனின் பேச்சைக் கேலிப்பொருளாக்கியது மட்டும் எனக்கு உவப்பில்லை.

இந்தக் கைத்திறன் தானாக வந்ததல்ல. 1886-இல் ஒரு வெற்றி. பிறகு வரிசையாகத் தோல்விகள். லபீஷ் முதலான முன்னோடிகளின் நாடகங்களைப் பிரித்துப் படித்தபின் 1892-இல்தான் மீண்டார்.

கட்டுரையாளர் தொடாமலே விட்ட ஓரங்க நாடகங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. இல்லறம் கசந்து, 1909-இல் வீட்டைவிட்டு பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்தருகே ஒரு ஹோட்டலில் தங்கிய மனிதர், கணவன் மனைவி சண்டையைத் தவிர வேறெதை எழுதுவார்? 1910-இல் வந்த 'ஓன் பூர்ஜ் பெபே'யில், ராணுவத்துக்குப் பீங்கான் மூத்திரச்சட்டி விற்கத் துடிக்கும் வியாபாரி, 'உடையவே உடையாது' என்று அதிகாரி முன் வீசிக் காட்டுகிறார். உடைகிறது. இன்னொன்றை வீசுகிறார். அதுவும் உடைகிறது. பக்கத்தில் மனைவியோ, பேதி மருந்து குடிக்க மறுக்கும் பிள்ளையோடு மல்லுக்கு நிற்கிறாள்.

1921-இல் இறந்த அவரை, பிரான்சின் தேசிய நாடக அரங்கான கொமெதி ஃப்ரான்சேஸ் தன் மேடையில் ஏற்றுக்கொள்ள மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. தங்கள் மலரிலாவது அந்த ஓரங்க நாடகங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேடை நிர்வாகி ஒருவர்