தொழிற்பிரிவை மூடிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோதே தொழிற்கல்விப் பிரிவும் சேர்த்துத் தொடங்கப்பட்டது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், வேளாண் அறிவியல் என்று அதற்கு இன்றும் பாடநூல்கள் அச்சாகின்றன. செய்முறைக்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. பட்டறை பூட்டிக் கிடக்கிறது. இப்போது, பிள்ளைகள் சேரவில்லை என்று காரணம் சொல்லி அந்தப் பிரிவையே எடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்திருக்கிறது. ஆசிரியரும் இல்லாமல், பட்டறையும் திறக்காமல் இருக்கும் பிரிவில் எந்தப் பெற்றோர் பிள்ளையைச் சேர்ப்பார்?

டெல்டாவில் இன்று உழவு டிராக்டரில் நடக்கிறது. அறுவடை அநேகமாக முழுவதும் இயந்திரத்தில்தான். குறுவை அறுவடையோ வடகிழக்குப் பருவமழை நெருங்கும் வேளையில் வருகிறது. அந்த நேரத்தில் வயலில் இறங்கிய இயந்திரம் பெல்ட் அறுந்தோ பேரிங் போயோ நின்றுவிட்டால், மெக்கானிக் வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று சாலையோரத்தில் கொட்டிக் காயவைக்க நேர்கிறது. இயந்திரங்களில் பலவும் அவற்றை ஓட்டுபவர்களும் வெளி மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள். எங்கள் பிள்ளைகள் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

ஆற்றுத் தண்ணீர் முறை தவறும் நாள்களில் பயிரைக் காப்பது ஆழ்குழாய்க் கிணறு. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்ட பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால், மற்ற இரண்டு முனைகளிலும் மின்னோட்டம் ஏறி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் கருகிவிடும். ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் அளவு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலே மோட்டாரின் அளவுக்கு ஏற்ப வைக்கப்பட்டிருந்து, ஒரு முனை போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் தடுப்பானும் இருந்தால், மோட்டார் தானாக நின்று தப்பித்துக்கொள்ளும். அடிக்கடி நின்றுபோகிறதே என்று ரிலேயை நீக்கிவிட்டு நேரடியாக இணைத்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் காயில் கட்டும் கடையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, பயிர் வாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கழித்துப் போட்ட ஒரு மோட்டாரையும் ஒரு ஸ்டார்ட்டரையும் மேசைமேல் வைத்து, எந்த முனையில் மின்சாரம் வரவில்லை என்று மல்டிமீட்டரால் மாணவர்களே பார்த்துச் சொல்லும்படி செய்தால், இது சில வகுப்புகளில் கைவந்துவிடும் பாடம். புத்தகத்தில் படம் பார்த்து மட்டும் இது வராது.

மதிப்பெண் குறைந்தவர்களுக்கான குரூப் என்று இந்தப் பிரிவைத் தள்ளிவைக்கும் எண்ணம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மேல்நிலையில் தொழிற்பிரிவில் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழி இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னால், பெண் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் உட்படப் பலரும் யோசித்துப் பார்ப்பார்கள்.

2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாயிற்று. அப்படிக் காக்கப்பட்ட நிலத்தில் வேலை தெரிந்த இளைஞர்களும் இருக்க வேண்டாமா? ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்துதலுக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்கு இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. இவற்றுக்கு மாணவர்களை ஒருநாள் சுற்றுலாவாக அழைத்துப் போவதோடு நிறுத்திவிடாமல், அறுவடைக்கு முன்பு இயந்திரங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் நாள்களில் வேளாண்மைப் பொறியியல் துறையின் பணிமனையிலேயே உடன் இருந்து கற்க ஏற்பாடு செய்யலாம். புதிய ஆசிரியர் வரும்வரை அருகிலுள்ள அரசு தொழிற்பயிற்சி நிலைய (ஐ.டி.ஐ.) பயிற்றுநர் ஒருவரை வாரத்தில் இரண்டு நாள் அனுப்பினால்கூட, பூட்டிய பட்டறை திறக்கும்.

வரும் பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்குவதற்கு முன்பே இந்தக் காலியிடத்தை நிரப்பவும், அதுவரை பிரிவை மூடும் முடிவை நிறுத்திவைக்கவும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் ஆவன செய்யுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விவசாயியும் பெற்றோருமான வாசகர்,
திருவாரூர் மாவட்டம்.