டோர்ஸ் ஒலிநாடாக்களைப் பாதுகாப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

1969 ஜூலை 22 அன்று ஹாலிவுட்டின் அக்வேரியஸ் தியேட்டரில், ரசிகர்கள் யாரும் இல்லாமல் டோர்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக்குழு நடத்திய ஒத்திகையைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2002இல் அது இரட்டைக் குறுந்தகடாக வந்தது. அடுத்த முறை அதை வெளியிடும்போது, நாடாவில் இருப்பதை இருக்கிறபடியே முழுசாகக் கொடுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1969 மார்ச் 1 மயாமி கச்சேரியில் ஆபாசமாக நடந்துகொண்டதாகப் பாடகர் ஜிம் மோரிசன் மேல் வழக்கு வந்தது, பல ஊர்களில் கச்சேரிகள் ரத்தாயின. மேடை கிடைப்பதே பெரிய பாடாக இருந்த நேரத்தில்தான் அக்வேரியஸ் அமைந்தது. அங்கே நடந்துகொண்டிருந்த நாடகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஜூலை 21, திங்கட்கிழமை, நேரடி ஆல்பம் (மேடைக் கச்சேரியைப் பதிவுசெய்து வெளியிடுவது) ஒன்றுக்காக இரண்டு காட்சிகள் வாசித்தார்கள். நிலாவில் மனிதன் இறங்கியதற்கு மறுநாள் அது. அதற்கும் அடுத்த நாள் நால்வரும் அதே மேடைக்குத் திரும்பி வந்தார்கள். நாடா ஓடுவது தெரிந்தே வாசித்தார்கள். ஆகவே இதை யாரோ திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த சரக்காக நினைத்துக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இந்தக் குழு மேடையில் பாஸ் கிடார் கலைஞரை வைத்துக்கொள்ளவில்லை. ஆர்கன் மேல் வைத்த சின்ன கீபோர்டில் ரே மான்சரெக் இடது கையால் பாஸ், அதாவது கீழ்ச்சுருதிப் பகுதி, வாசிப்பார், வலது கை ஆர்கனில் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டத்தின் கூச்சலில் அந்த இடது கையைக் காது பிரித்துக் கேட்பது கஷ்டம். காலி அரங்கில் அது தெளிவாகக் கேட்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் ஜான் டென்ஸ்மோர் அதைக் கவனித்துத் தாளத்தை எங்கே இழுக்கிறார், கிடார் வாசிக்கும் ராபி கிரீகர் எங்கே விலகி இடம் விடுகிறார் என்பதெல்லாம் பிடிபடுகிறது. மோரிசனும் யாரையும் மயக்க வேண்டிய அவசியம் இல்லாமல், புளூஸ் பாட்டுகளை ஆற அமரப் பாடுகிறார். கச்சேரிப் பதிவுகளைவிட இதுதான் எனக்கு அவரை நெருக்கத்தில் காட்டுகிறது.

வெட்டுவதைப் பற்றி எனக்கு இவ்வளவு பயம் ஏன் என்றால், பழைய வரலாறு அப்படி. 1970இல் வந்த நேரடி ஆல்பத்தைப் பல இரவுகளின் துண்டுகளை ஒட்டித்தான் செய்தோம் என்று தயாரிப்பாளர் பால் ராத்சைல்டே சொல்லியிருக்கிறார். 1983இல் வந்த இன்னொரு நேரடி ஆல்பத்தில் இருக்கும் ‘குளோரியா’ பாட்டு இந்த ஒத்திகையில் பாடியது. அது கச்சேரிப் பாட்டுகளோடு கலந்து போனதால், எதிரே ஒருவரும் இல்லாத அரங்கில் பாடியது என்பது தெரியாமலே பலர் கேட்டிருப்பார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி. இசைத்தட்டில் அடக்க வேண்டும், கடையில் விற்க வேண்டும். இன்று அந்த நெருக்கடி இல்லை. பீட்டில்ஸ் 1969 ஜனவரியில் பாட்டுகளைத் தேடித் தேடி உருவாக்கியதை, 2021இல் கிட்டத்தட்ட எட்டு மணி நேரப் படமாக உலகமே உட்கார்ந்து பார்த்தது. ரசிகர்களுக்குப் பொறுமை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதனால் பாட்டுக்கு முந்திய பேச்சு, சுருதி சேர்ப்பது, தொடங்கிப் பார்த்துக் கைவிட்டது, எது மிஞ்சியிருந்தாலும் அப்படியே விடுங்கள். கைதட்டல் எதையும் சேர்க்காதீர்கள். வாசித்த வரிசை தெரிந்தால் அந்த வரிசையிலேயே கொடுங்கள்.

இன்னொன்று, இதுதான் அவசரம். மோரிசன் 1971இலேயே போய்விட்டார், மான்சரெக் 2013இல். டென்ஸ்மோர் 1944இல் பிறந்தவர், கிரீகர் 1946இல். இருவரையும் உட்கார வைத்து இந்த நாடாவை முழுக்கப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் யார் யாருக்குச் சைகை காட்டினார், எந்தப் பாட்டு அன்று பாதி வெந்த நிலையில் இருந்தது, ஏன் நிறுத்தினார்கள் என்று அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள். ஆல்பம் தாமதமானாலும் பரவாயில்லை, இதை இந்த வருடமே செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் ரசிகன்