எண்ணெய் வாங்குகிறவனுக்கும் ஒரு சொல் உண்டு: சைதாப்பேட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சைதாப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. வெளியுறவுக் கொள்கை பற்றி மளிகைக்காரனுக்கு என்ன தெரியும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உக்ரைனில் குண்டு விழுந்த சேதி, டிவிக்கு அப்புறம் சென்னையில் முதலில் வந்து நின்ற இடம் என் கடை போன்ற கடைகள்தான். சன்ஃப்ளவர் ஆயில் பாக்கெட்டாக வந்து நின்றது.

2022 பிப்ரவரி 24, வியாழக்கிழமை போர் தொடங்கியது. சனிக்கிழமை காலை கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோதே கொத்தவால்சாவடி மொத்த வியாபாரி போன் செய்துவிட்டார். "அண்ணாச்சி, வேணும்னா இன்னைக்கே எடுத்துக்குங்க. திங்கக்கிழமை இந்த ரேட்டுக்குக் கிடைக்காது." வாரத்துக்குப் பத்துப் பெட்டி எடுக்கிறவன் நான். அன்றைக்கு நாற்பது பெட்டி எடுத்தேன். கடையில் இடம் இல்லாமல் படுக்கையறையில் பீரோவை ஒட்டி அடுக்கினோம். இரண்டு மாதம் என் மனைவி புடவை எடுக்க வேண்டும் என்றால் எண்ணெய்ப் பெட்டியை நகர்த்திவிட்டுத்தான் எடுத்தாள்.

நூற்றைம்பது சொச்சத்தில் இருந்த பாக்கெட் இருநூறை நெருங்கியது. வாங்கிய விலைக்கு மேல் ஏறஏற விற்றேன். அந்தப் போரில் லாபம் பார்த்தவர்கள் பட்டியலைப் போட்டால், கடைசிப் பக்கத்தில் கடைசி வரியாக என் கடைப் பெயரும் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு உங்களைக் குறை சொல்லும்போது, யோக்கியன் வருகிறான் சொம்பை எடுத்து உள்ளே வை என்று யாரும் சிரிக்கக் கூடாது.

வாங்க வந்தவர்களும் சும்மா இல்லை. மாதம் மூன்று லிட்டர் வாங்கும் வீடுகள் ஐந்து லிட்டர் கேன் இரண்டு கேட்டன. ஓர் அம்மா கேட்டார், "சண்டை எப்ப முடியும் அண்ணாச்சி?" எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது, பரவாயில்லையே இவராவது கேட்கிறாரே என்று. "எதுக்கும்மா?" என்றேன். "தீபாவளிக்குள்ள விலை இறங்கிடுமான்னு பார்க்கத்தான்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். போருக்கு முன்பு இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் ஏறக்குறைய 70 சதவீதம் உக்ரைனிலிருந்து வந்தது, 20 சதவீதம் போல ரஷ்யாவிலிருந்து. அடித்துக்கொள்கிற இரண்டு பேருடைய எண்ணெயையும் ஒரே வாணலியில் ஊற்றித்தான் நாம் வடை சுட்டுக்கொண்டிருந்தோம். பாக்கெட்டில் அது எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் விலை போட்ட இடத்தைத் தவிர வேறெதையும் யார் படிக்கிறார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரஷ்யக் கச்சா எண்ணெயை ஏன் வாங்குகிறீர்கள் என்று வெளிநாட்டவர் கேட்கும்போதெல்லாம் உங்கள் தரப்பு ஒரே பதிலைச் சொல்கிறது: எங்கள் நாட்டு நுகர்வோரின் நலன். 140 கோடிப் பேரின் தேவை. போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் இரண்டு சதவீதம் அளவுக்கு இருந்த ரஷ்யப் பங்கு, பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிப் போனது. காரணம் தள்ளுபடி. தள்ளுபடிக்கு நான் எதிரி இல்லை, அதில்தான் என் பிழைப்பே ஓடுகிறது. ஐரோப்பாக்காரர்கள் ரஷ்ய எரிவாயுவைக் கொளுத்திக்கொண்டே நமக்குப் புத்தி சொன்னபோது நீங்கள் திருப்பிக் கொடுத்த பதிலுக்கு என் கடை வாசலில் நின்றே நான்கு பேர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆனால் அந்த 140 கோடியில் ஒருவனாக ஒன்று கேட்கிறேன். 2022 மே 22 முதல் 2024 மார்ச் பாதி வரை சென்னையில் பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. இருபத்திரண்டு மாதம், ஒரு பைசா அசையவில்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் சரக்கு எடுக்கிறவனுக்கு அந்தப் பைசாக் கணக்கு மறக்காது. அப்புறம் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு ரூபாய் போல இறங்கியது. அந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும் என்பீர்கள். இருக்கலாம், மறுக்கவில்லை. அதே கச்சா எண்ணெய் இங்கே சுத்திகரிக்கப்பட்டு டீசலாக ஐரோப்பாவுக்கே கப்பல் ஏறியதும் நடந்தது. அந்த டீசலை வாங்கிய நுகர்வோர் சைதாப்பேட்டையில் இல்லை. என் பெயரைச் சொல்லி வாங்கிய கடனில் எனக்கு எவ்வளவு வந்தது என்று கேட்கிறவன் நிலைதான் என்னுடையது.

கணக்கை விடுங்கள். எனக்குக் கோபம் வேறு இடத்தில்.

2022 செப்டம்பரில் சமர்கண்டில் பிரதமர் புதினைப் பார்த்து இது போருக்கான காலம் அல்ல என்றார். நல்ல வார்த்தை. அதே கருத்து பாலி ஜி20 அறிக்கையிலும் ஏறியது. 2024 ஜூலையில் மாஸ்கோ போனார், ஆகஸ்டில் கீவ் போனார். 2025 டிசம்பரில் புதின் டெல்லிக்கே வந்தபோது, இந்தியா நடுநிலை இல்லை, அமைதியின் பக்கம் என்று பிரதமர் சொன்னார். இடையில் 2024 ஜூனில் சுவிட்சர்லாந்தில் நடந்த அமைதி மாநாட்டுக்கு நாம் ஆள் அனுப்பினோம், அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. ஒரு தரப்பான ரஷ்யாவை அழைக்காமல் என்ன அமைதிப் பேச்சு என்பது உங்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அழைக்கப்படாதவரை அழைத்து உட்கார வைக்கும் வேலையை யார் செய்வது? 2025-இல் ரியாத்தில் பேசினார்கள், இஸ்தான்புல்லில் பேசினார்கள், அலாஸ்காவில் பேசினார்கள். இரண்டு பேரிடமும் சரக்கு எடுக்கும் நம் ஊரில் ஒரு மேசை போடவில்லை.

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2022 மார்ச்சில் சுமி நகரத்தில் நம் மாணவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு பையன் உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா தினமும் என் கடை வாசலில் நின்று, போனையே பார்த்துக்கொண்டு, வாங்க வந்ததை மறந்துவிட்டுத் திரும்பிப் போவார். மார்ச் 7 அன்று பிரதமர் ஜெலென்ஸ்கியிடமும் பேசினார், புதினிடமும் பேசினார், ஒரே நாளில். மறுநாள் சுமியிலிருந்து எழுநூறு பேர் போல பேருந்தில் வெளியே வந்தார்கள். இரண்டு பக்கமும் நம் பேச்சுக்கு மரியாதை இருந்தது. நம் பிள்ளைகள் வெளியே வந்த பிறகு போனை அவ்வளவு அழுத்தமாக யாரும் எடுக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்று. 2022 ஜூலையில் ஐ.நா.வும் துருக்கியும் சேர்ந்து கருங்கடல் தானிய ஒப்பந்தம் கொண்டுவந்தன. போர் நிற்கவில்லை. ஆனால் ஒடெசா துறைமுகங்களிலிருந்து கோதுமை, மக்காச்சோளம், சூரியகாந்தி எண்ணெய்க் கப்பல்கள் ஓராண்டு ஓடின, மூன்று கோடி டன்னுக்கு மேல் சரக்கு வெளியே வந்தது. 2023 ஜூலை 17 அன்று ரஷ்யா விலகிக்கொண்டது. சூரியகாந்தி எண்ணெயை உலகிலேயே அதிகமாக வாங்கும் நாடுகளில் ஒன்று நாம். அந்த ஒப்பந்தத்தை நீட்டிக்க முன்னால் நின்று வாதாட வேண்டிய வாடிக்கையாளர் நாம்தானே? எண்ணெய்க்கு வேறு ஊர் பார்த்துக்கொண்டோம். நானும் பாமாயிலும் கடலை எண்ணெயும் அதிகம் அடுக்கிவிட்டேன்.

முன்பு நாம் இப்படி இல்லை. கொரியப் போரில் நாடு திரும்ப விரும்பாத கைதிகளை என்ன செய்வது என்ற ஒரே சிக்கலில் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்தது. 1952-இல் ஐ.நா.வில் அதற்கு வழி சொல்லும் தீர்மானத்தைக் கொண்டுபோனது இந்தியா. 1953 ஜூலையில் போர்நிறுத்தம் வந்ததும், நாடு திரும்ப மறுத்த கைதிகளைப் பார்த்துக்கொள்ளும் நடுநிலை ஆணையத்துக்குத் தலைமை நம் ஜெனரல் திம்மய்யா. காவலுக்குப் போனதும் நம் சிப்பாய்கள். எந்தப் பக்கமும் வேண்டாம் என்ற 88 பேரை என்ன செய்வது என்று தெரியாமல் கூடவே அழைத்து வந்தார்கள். 1954 பிப்ரவரியில் அவர்கள் கப்பலிலிருந்து இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில். பலர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள்.

அப்போது நாம் கொரியாவிலிருந்து என்ன வாங்கிக்கொண்டிருந்தோம்? சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கோதுமைக்கே அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்த நாடு, யாரோ இரண்டு பேர் சண்டையில் நடுவில் போய் நின்றது. இன்று இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கொரியக் கார் வருகிறது, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கொரிய டிவி வருகிறது, என் கடையில் கல்லூரிப் பெண்கள் கண்ணில் தண்ணீர் வர வர சாப்பிடும் கொரிய நூடுல்ஸ் வாரத்துக்கு இரண்டு பெட்டி போகிறது. சரக்கு பெருகியிருக்கிறது. நடுவில் போய் நிற்கிற பழக்கம்தான் குறைந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன் கொத்தவால்சாவடி பக்கம் இரண்டு மொத்த வியாபாரிகளுக்குள் வண்டி நிறுத்துகிற தகராறு. ஒருவர் லோடு இறங்கும்போது மற்றவர் வண்டியைக் குறுக்கே போடுவார். பத்து நாள் தெருவே முடங்கியது. சங்கம் பேசியது, போலீஸ் பேசியது, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் முடித்துவைத்தது ஒரு வாடிக்கையாளர். இரண்டு பேரிடமும் மாதம் லட்சக்கணக்கில் சரக்கு எடுக்கும் கேட்டரிங்காரர். நடுத்தெருவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ரெண்டு பேருகிட்டயும்தான் வாங்குவேன். ஆனா ரெண்டு பேரும் இங்க வந்து உட்கார்ந்து பேசற வரைக்கும் இந்த மாச ஆர்டர் என் பையிலதான் இருக்கும்" என்றார். சாயங்காலத்துக்குள் முடிந்தது. போர் இவ்வளவு சுலபமில்லை, தெரியும். ஆனால் அவருடைய ஸ்டூல் எனக்கு மறக்கவில்லை.

நான் கேட்பது அந்த ஸ்டூலைத்தான். ரஷ்ய எண்ணெயை நிறுத்துங்கள் என்று கேட்கவில்லை. அமெரிக்கா 2025 ஆகஸ்டில் வரியை 50 சதவீதமாக ஏற்றி அதைத்தான் சொன்னது, அடி விழுந்தது திருப்பூர் பனியன்காரர்கள் மேல். இன்னொருவர் மிரட்டி நாம் நிறுத்துவது வேறு, பெரிய வாடிக்கையாளர் என்ற பலத்தை நாமே எடுத்து மேசையில் வைப்பது வேறு. இரண்டு தரப்பையும் டெல்லிக்கோ, ஏன், சென்னைக்கோ அழையுங்கள். முதலில் போர்நிறுத்தம்கூட வேண்டாம், துறைமுகங்களையும் சரக்குக் கப்பல்களையும் தாக்குவதில்லை என்ற ஒன்றைப் பற்றி மட்டும் பேசச் சொல்லுங்கள். வாங்குகிறவன் கேட்க உரிமை உள்ள விஷயம் அது.

அதற்கு விலை இருக்கும் என்றால் அதையும் எங்களிடம் நேராகச் சொல்லுங்கள். உடம்பு பெருக்கிறது, சமையல் எண்ணெயைப் பத்து சதவீதம் குறையுங்கள் என்று பிரதமர் 2025-இல் கேட்டார். என் கடையில் நிஜமாகவே சில வீடுகள் குறைத்தன. தொப்பைக்காகக் கேட்டதை இதற்காகவும் கேட்டுப் பார்த்திருக்கலாம். தள்ளுபடி மட்டும்தான் எங்களுக்குப் புரியும் என்று நீங்களாக முடிவு செய்துகொண்டீர்கள். அப்படி நினைக்க நாங்களும் இடம் கொடுத்தோம். நாற்பது பெட்டி அடுக்கியவன் வேறென்ன சொல்ல முடியும்?

மறுபடியும் ஒரு சனிக்கிழமை காலையில் அதே மொத்த வியாபாரி போன் செய்வார், வேறொரு நாட்டின் பெயரைச் சொல்வார். இந்தத் தடவை பத்துப் பெட்டிதான் எடுப்பேன் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் இன்னும் நம்பவில்லை.

இப்படிக்கு,
சைதாப்பேட்டை மளிகைக்காரன் ஒருவன்