டாஷ்போர்டை மாற்றியமைக்கும் வசதி யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராயபுரத்தில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத்தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் 16 ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர்களின் நிலவரத்தை முன்பெல்லாம் எக்செல் தாளில் பார்த்து வந்தோம்; சென்ற ஆண்டு அது, பல தகவல்களைத் தனித்தனிக் கட்டங்களாக ஒரே திரையில் காட்டும் இணைய டாஷ்போர்டுக்கு மாறியது. அவரவர் வேலைக்கு ஏற்றபடி கட்டங்களை இடம் மாற்றலாம், வேண்டாததை மறைக்கலாம் என்று அமைத்துக் கொடுத்தவர்கள் சொன்னார்கள். மவுஸைப் பிடித்து இழுக்க முடிந்தவர்களைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவருக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானை ஹெட்போனில் கேட்டபடி, எங்களில் பலரைவிட வேகமாக வேலையை முடிப்பவர். டாஷ்போர்டு வந்த முதல் நாள், ஹெட்போனை என் காதில் வைத்தார். "பட்டன், பட்டன், கிராஃபிக், பட்டன்" என்று அது ஓதிக்கொண்டே போனது. பென்சில், பற்சக்கரம் என்று படமாக வரைந்துவிட்டு, எந்தப் பொத்தானுக்கும் பெயர் எழுதாமல் விட்டிருந்தார்கள். டேப் விசையால் கட்டத்துக்குக் கட்டம் தாவ முடிந்தது. எந்த விசையாலும் அவற்றை நகர்த்த முடியவில்லை. 'இன்று இலவச நாள் முடியும் கண்டெய்னர்கள்' (கட்டணமில்லாமல் வைத்திருக்கும் கெடு இன்றோடு முடிபவை) என்ற கட்டத்தை அவருக்காக நானே முதலிடத்துக்கு இழுத்து வைத்தேன். அப்போதும் மென்பொருள் அதை ஏழாவதாகத்தான் வாசித்தது. ஏனென்றால் கட்டம் திரையில் மேலே போனதே தவிர, பக்கத்தின் நிரலில் இருந்த வரிசை மாறவே இல்லை. போதாக்குறைக்கு, எண்களைப் புதுப்பிக்கிறேன் என்று நிமிடத்துக்கு ஒருமுறை முழுப் பக்கமும் மீண்டும் ஏறியதால், கேட்டுக்கொண்டிருந்த இடம் தொலைந்து, தலைப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

இன்னொரு ஊழியருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வராது. கெடு முடிந்த கண்டெய்னரைச் சிவப்புப் புள்ளியால் மட்டுமே காட்டியதால், ஒருநாள் இரண்டு பெட்டிகளைக் கவனிக்காமல் விட்டு, டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் கட்ட நேர்ந்தது. திட்டு வாங்கியவர் அவர். புள்ளிக்குப் பக்கத்தில் 'கெடு முடிந்தது' என்று இரண்டு சொல் எழுதாதவர்களை யாரும் கேட்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறையின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல், ஒரு சொடுக்கில் செய்யவும் வழி வேண்டும் என்கிறது அது. 'மேலே', 'கீழே' என்று இரண்டு பொத்தான் வைத்து, அவை விசைப்பலகைக்கும் கட்டுப்பட்டால் போதும். பொத்தான்கள் பொதுவாக 24க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற அளவிலாவது வேறுபாடு வேண்டும், நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லக் கூடாது என்பவை அதற்கு முந்தைய பதிப்புகளிலோ இப்பதிப்பிலோ வந்த விதிகள். வரைபடத்துக்குப் பக்கத்தில் அதே எண்களை அட்டவணையாகவும் தந்தால், பார்வையுள்ள கணக்கருக்கும் அது உதவும்.

"வேண்டுமானால் செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாமே" என்ற பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பெரிய எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானே சிறிய, வெளிறிய எழுத்தில் இருந்தால் அதை யார் கண்டுபிடிப்பது? மாற்றியமைக்கும் வசதி எல்லோருக்கும் எட்ட வேண்டும். எதையும் மாற்றாத நிலையிலும் திரை எல்லோருக்கும் பயன்பட வேண்டும். தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஆங்கிலச் சொல்லின் அகலத்துக்கு அளந்த கட்டத்தில் 'ஒப்புதலுக்காக நிலுவையில் உள்ளவை' என்பது 'ஒப்புதலுக்கா…' என்று பாதியில் நிற்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் அதுவும் மிஞ்சுவதில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலேயே தமிழை வாசிக்க முயன்று உளறும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. அதன் 42ஆம் பிரிவு மின்னணுத் தகவல்களை அணுகும் வசதியைப் பற்றியே பேசுகிறது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. ஆகவே அரசு அலுவலகமோ தனியார் நிறுவனமோ டாஷ்போர்டு வாங்கும்போது, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன்: கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவர் அந்தத் திரையில் ஒரு கட்டத்தைச் சேர்த்து, நகர்த்தி, சேமித்துக் காட்ட வேண்டும், அந்தச் சோதனைக்காக அவருக்குக் கூலியும் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81