டோக்கெலாவில் மலை கிடையாது: பயண வீடியோ போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். எந்த வீடியோவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும், சேனல் பெயரெல்லாம் இங்கே வேண்டாம். டோக்கெலாவைப் பற்றி ‘யாருக்குமே தெரியாத குட்டி நாடு’ என்று நீங்களும், உங்களைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேரும் போட்டீர்களே, அதுதான். தம்ப்நெயிலில் பச்சைப்பசேலென்று ஒரு மலை, அடிவாரத்தில் நீலத் தண்ணீர், தண்ணீர் மேல் வரிசையாகக் கூரை வேய்ந்த விடுதி அறைகள். படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது போரா போரா, பிரெஞ்சுப் போலினேசியாவில் இருக்கிறது. டோக்கெலாவ் பசிபிக் கடலில் இருக்கும் மூன்று பவளத்தீவுகள், அங்கே மலையே கிடையாது. தரையின் மிக உயரமான இடமே கடல் மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டர்தான். நம் தெரு மின்கம்பம் அதைவிட உயரம்.

ஒரு படத்துக்கா இவ்வளவு கோபம் என்பீர்கள். நான் வெலிங்டன் பக்கம் இருக்கிறேன். பக்கத்து வீட்டம்மா அந்த மூன்றில் ஒன்றான ஃபக்காஓஃபோ தீவுக்காரர். 1966 புயலுக்குப் பிறகு நியூசிலாந்து அரசு தீவுக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியதே, அப்போது சிறுமியாக வந்தவர். உங்கள் ஊரைப் பற்றி எங்கள் பாஷையில் வீடியோ வந்திருக்கிறது என்று நான்தான் ஆசையாக ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் புத்தி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இது எந்த ஊர்?’ என்றார். அப்புறம், அந்தப் பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். ‘வீக்கெண்டுக்கு ஒரு ஃப்ளைட்டைப் பிடிச்சா போதும் மக்களே, விசாகூட வேண்டாம்.’ இதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

அங்கே விமான நிலையம் கிடையாது. அவருடைய அம்மா இறந்த செய்தி வந்தபோது, இங்கிருந்து ஆக்லாந்து, அங்கிருந்து சமோவாவின் அப்பியா வரைக்கும் விமானத்தில் போய்விட்டார். அதற்கு மேல் கப்பல்தான். அது தினமும் கிளம்புகிற கப்பல் இல்லை, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று. காத்திருந்து ஏறினால் ஒரு நாளுக்கும் மேல் கடல். தீவு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் கப்பல் கரைக்குப் போகாது, உள்ளே இருக்கும் காயலுக்குள் நுழைய அதற்கு வழியில்லை, பவளத்திட்டுக்கு வெளியிலேயே நிற்கும். கரையிலிருந்து ஒரு படகு வந்து பக்கத்தில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். அலை அதைத் தூக்குகிற நொடி பார்த்து, இரண்டு பேர் இரண்டு கையையும் பிடிக்க, காலை வைக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த அலைக்கு நிற்க வேண்டும். அப்படி நின்றபோதுதான் முதன்முதலாக அழுதேன் என்றார். அவர் கரையில் இறங்கியபோது அடக்கம் முடிந்து நாளாகியிருந்தது.

நீங்கள் ஃப்ளைட் பிடிக்கச் சொல்கிறீர்கள்.

விசா வேண்டாம் என்பதும் பாதி உண்மைகூட இல்லை. ஊர்ப் பெரியவர்களின் சபை சம்மதித்து அனுமதி தந்தால்தான் வெளியாள் போய் இறங்கலாம். ‘சுதந்திர நாடு’ என்றீர்கள், அதுவும் இல்லை. 2006, 2007 என்று இரண்டு தடவை, நியூசிலாந்தோடு தொடர்பை வைத்துக்கொண்டே தன்னாட்சிக்குப் போகலாமா என்று வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், இரண்டாவது தடவை 16 வாக்கில் போனது. இன்றும் அது நியூசிலாந்தின் ஆட்சிப்பகுதிதான். உங்களுக்கு வியூஸ்தானே வேண்டும்? 2012இல் டீசலை விட்டுவிட்டு ஏறக்குறைய மொத்த மின்சாரத்தையும் சூரிய ஒளியிலிருந்து எடுத்த ஊர் அது. 2011 டிசம்பர் 30 என்ற தேதியே அங்கே வரவில்லை, உலகில் நாள் மாறுகிற தேதிக்கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். பிடிக்கிற மீனை ஊருக்குப் பொதுவாகக் கொட்டி, வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்துப் பங்கு வைக்கும் வழக்கத்துக்கு இனாட்டி என்று பெயர். அந்தம்மா மீன் வாங்கி வந்தால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணித்தான் கொடுத்தனுப்புவார். இதில் எதற்கு இரவல் மலை?

‘மூழ்கப்போகும் சொர்க்கம்’ என்று சோக இசை வேறு. 1863இல் பெருவுக்கு அடிமை வேலைக்கு ஆள் பிடித்த கப்பல்கள் ஊரில் கிட்டத்தட்டப் பாதிப் பேரைத் தூக்கிக்கொண்டு போயின, அதற்கும் பிறகு மீண்டு எழுந்த ஊர். கடல் ஏறுகிறது என்பது உண்மைதான், அவர்களுக்குத் தெரியாததும் இல்லை. ஆனால் இன்றைக்கு அங்கே 1,500 பேருக்கு மேல் வீடு வாசலோடு இருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒப்பாரி வைக்காதீர்கள்.

ராமேஸ்வரத்தைப் பற்றிப் பேசி ஒருவன் தாஜ்மகால் படத்தைப் போட்டால் கமெண்ட்டில் அவனை என்ன பாடு படுத்துவோம். நம் பக்கமும் கணக்கு இருக்கிறது. காசு கொடுக்காமல் வலைத்தளம் தொடங்க நம் கல்லூரிப் பையன்கள் எத்தனை பேர் டாட் டிகே முகவரி வாங்கினோம், அந்த டிகே இந்த டோக்கெலாவ்தான். வருடக்கணக்காக அந்தப் பெயரை ஓசியில் ஒட்டிக்கொண்டு திரிந்தோம், அது ஒரு ஊர் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. மலையை எடுங்கள். விமானம் இல்லை, அனுமதி வேண்டும் என்று கமெண்ட்டில் ஒரு வரி எழுதிப் பின் பண்ணுங்கள். இன்னொரு தீவைப் பற்றிப் பேசும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது கேளுங்கள். இங்கே எட்டாயிரம் டோக்கெலாவ்காரர்களுக்கு மேல் இருக்கிறார்கள், ஆள் வேண்டுமென்றால் நானே கேட்டுச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா, ‘அந்தப் பையன் மலையை எடுத்துவிட்டானா?’ என்று விசாரித்தார். வருகிற ஞாயிறும் விசாரிப்பார். அதற்குள் அதை மட்டுமாவது எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் சேனலுக்கு இன்னும் சந்தாதாரராக இருக்கும் ஒருவர்