தம்பிக்கு, வான்கோழி விஷயமாக

அன்புள்ள தம்பிக்கு,

"இந்தத் தடவை தேங்க்ஸ்கிவிங்குக்கு வான்கோழி வேண்டாம்மா, கடையிலேயே ஏதாவது வாங்கிக்கொள்கிறேன்" என்று நேற்று போனில் சொன்னாயே, அது என் மனதை விட்டுப் போகவில்லை. போன வருஷம் அந்தப் பண்டிகைக்கு நானும் அங்கே அமெரிக்காவில்தானே இருந்தேன். 4 மணி நேரம் ஓவனில் கிடந்த கறி, நெஞ்சுப் பக்கமெல்லாம் நார் நாராகத் தேங்காய் மட்டை மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் வாய்க்கு வாய் தண்ணீர் குடித்தார்கள். நீ ஒன்றும் பேசாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

உன் மேல் தப்பில்லை. நம்ம மதுரைப் பக்கம் வான்கோழியைச் சின்னத் துண்டாக வெட்டி, மசாலா அரைத்து ஊற்றிக் குழம்பிலே வேகவிடுகிறோம். காய்வதற்கு வழியே இல்லை. அங்கே 6 கிலோப் பறவையை முழுசாக வைக்கிறீர்கள். தொடை வேக நேரம் பிடிக்கும், நெஞ்சில் கொழுப்பு குறைவு. தொடை வெந்து முடிவதற்குள் நெஞ்சு வறண்டுவிடுகிறது.

கிறிஸ்துமஸுக்கு உன் எதிர்வீட்டு அம்மா, ஓவனுக்கென்றே விற்கிற பையில் வான்கோழியைப் போட்டு வேகவைத்தார்களே, அன்று அவர்கள் அடுப்படியிலேயே நின்று பார்த்தேன். ஓவன் கண்ணாடி வழியே பார்த்தால் பை உப்பி நிற்கிறது. உள்பக்கம் ஆவி முத்து முத்தாகக் கோத்துத் திரும்பவும் கறி மேலேயே வடிகிறது. எனக்கு உன் அம்மாச்சி ஞாபகம் வந்துவிட்டது. சோழவந்தானில் கண்மாய் வற்றி ஊரே மீன் பிடிக்கிற அன்று கெண்டை மீனில் மசாலா தடவி, வாழையிலையில் சுற்றி, நாரால் கட்டிக் கங்கில் போடுவார். இலை கருகிப்போகும். பிரித்தால் குப்பென்று ஆவி அடிக்கும். உள்ளே மீன் பளபளவென்று, விரல் பட்டாலே உதிரும். அந்த இலை செய்த வேலையைத்தான் இந்தப் பையும் செய்கிறது.

சரி, வியாழக்கிழமை சமையல் என்றால் ஞாயிறே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடு. 2 கிலோவுக்கு ஒரு நாள் ஆகும். வயிற்றுக்குள் கழுத்தும் ஈரலும் பொட்டலமாக இருக்கும், மறக்காமல் எடு. மஞ்சள் போட்டு அலசக் கை பரபரக்கும். அலசாதே. தெறிக்கிற தண்ணீரில் கிருமி பரவும் என்று அந்த நாட்டு வேளாண்மைத் துறையே சொல்கிறது. எனக்கும் மனசு கேட்கவில்லைதான், ஆனால் வீட்டில் சின்னப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஈரத்தை ஒற்றி எடுத்தால் போதும். மிளகு, சீரகம், பூண்டு தட்டி வெண்ணெயில் குழைத்து, தோலுக்கு அடியில் விரலை விட்டுத் தடவு. உப்புநீர் ஏற்றியது என்று லேபிளில் இருந்தால் உப்பைக் குறை.

பை ஓவனுக்கென்றே விற்பதாக இருக்க வேண்டும், வேறெந்தப் பிளாஸ்டிக்கும் ஆகாது. உள்ளே ஒரு மேசைக்கரண்டி மைதா போட்டுக் குலுக்கு, பை வெடிக்காமல் இருக்கும். வாயைக் கட்டி, மேலே அரை அங்குலத்தில் 6 கீறல் போடு. பை ஓவன் சுவரிலோ கம்பியிலோ படக்கூடாது. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 14 பவுண்டு, அதாவது 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற வான்கோழிக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் போதும். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்து. நெஞ்சிலும் குத்திப் பார். இரண்டிலும் 165 காட்டினால் வெந்துவிட்டது. அப்புறம் 20 நிமிடம் அப்படியே விடு. அவசரப்பட்டு வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

எலும்பைத் தூக்கிப் போடாதே, மிளகு தட்டிப் போட்டு ரசம் வை. மருமகளுக்குச் சளி என்றாயே.

நெஞ்சுப் பக்கத்து முதல் துண்டைப் பெரியவனுக்குக் கொடு. தண்ணீர் கேட்கிறானா என்று பார்த்துவிட்டு எனக்கு போன் போடு. இங்கே வெள்ளிக்கிழமை விடிந்திருக்கும், முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா