குப்பிகள் போனது போகட்டும், பதிவேட்டையாவது தாருங்கள்

மதிப்பிற்குரிய கல்லூரி ஆட்சிக்குழுவினருக்கு,

வணக்கம். விலங்கியல் அருங்காட்சி அறை குளிரூட்டிய கருத்தரங்கக் கூடமாக மாறிய கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிப்பன் வெட்டியதே நீங்கள்தான். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். அந்த அறையின் இருப்புப் பதிவேடு வேண்டும். நீளவாக்கில், காலிகோ அட்டை போட்டு, மூலை கரையான் அரித்த அந்தப் பெரிய நோட்டு.

நான் உங்கள் பழைய மாணவன். சேரன்மகாதேவி பக்கம் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆடியிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வருவது வழக்கம். வருவதே மூன்று குப்பிகளைக் காட்டத்தான். ஒன்றில் பெரிய மண்புழு. அடுத்ததில் இக்தியோபிஸ் என்ற, பார்க்கப் புழுவைப் போன்ற ஓர் உயிர். மூன்றாவதில் கேடயவால் பாம்பு, வாலைக் கத்தியால் சீவிவிட்டாற்போல் இருக்கும். மூன்றுக்கும் கால் கிடையாது. 'இதில் யார் யாருக்குச் சொந்தம்?' என்று கேட்பேன். மூன்றும் ஒரே குடும்பம் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். மண்புழுவுக்குக் கால் என்று ஒன்று இருந்ததே இல்லை. பாம்பின் முன்னோருக்கு இருந்து போயிற்று. அது பல்லிக்குப் பங்காளி. இக்தியோபிஸின் முன்னோருக்கும் இருந்து போயிற்று, ஆனால் தனியாக, வேறொரு கொடிவழியில். அது தவளை வகையறா. இதைக் கேட்டதும் பிள்ளைகள் குப்பியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மறுபடி பார்ப்பார்கள். அந்த இரண்டாம் பார்வைக்காகத்தான் இவ்வளவு தூரம் வருவது.

தாசில்தார் ஆபீசில் முகச்சாயலை வைத்து வாரிசுச் சான்று கொடுப்பதில்லை. உயிர்களிலும் அப்படித்தான். ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950இல் வகுத்துச் சொன்ன முறை இதுதான்: எல்லாருக்கும் பொதுவான பூர்வீகச் சொத்தைக் காட்டி நெருங்கிய உறவு கொண்டாடாதே, ஒரு கிளைக்கு மட்டும் புதிதாகச் சேர்ந்ததைக் காட்டு. முதுகெலும்பு பாம்புக்கும் உண்டு, இக்தியோபிஸுக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் உண்டு. அதை வைத்து யார் யாருக்கு நெருக்கம் என்று சொல்ல முடியாது.

இந்த ஆண்டும் வந்தோம். கட்டடத்தின் பின்னால், வேப்பமரத்தடியில் குப்பிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபார்மலின் நெடியில் பிள்ளைகளுக்குக் கண் எரிந்து நீர் வழிந்தது. உடல்கள் ஒரு பிளாஸ்டிக் டப்பில் குவிந்து கிடந்தன. பெயரும் ஊரும் எழுதி ஒட்டிய சீட்டுகள் நனைந்து கூழாகிவிட்டன. கண்ணாடிக்கு நல்ல விலையாம். பதிவேடு எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் எடைக்குப் போட்டாச்சுல்லா சார்" என்றார் அங்கிருந்த அண்ணாச்சி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, சொன்ன வேலையைச் செய்தவர். பொறுப்பில் உள்ள இன்னொருவர் சொன்னதுதான் இந்த மடலை எழுத வைத்தது. "இப்பதான் டிஎன்ஏ வந்துட்டுல்லா சார், இந்தப் பழைய குப்பியெல்லாம் எதுக்கு?"

டிஎன்ஏ வந்துவிட்டது, சரிதான். விலங்குகளில் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துகளைப் படித்தே இனத்தை அடையாளம் காணலாம் என்று பால் ஹெபர்ட் குழுவினர் 2003இல் எழுதினார்கள். ஆனால் படித்த எழுத்துகளை எதனோடு ஒப்பிடுவது? ஏற்கெனவே பெயர் தெரிந்த, பிடித்த இடம் தெரிந்த ஓர் உடலின் எழுத்துகளோடுதான். அந்த உடலுக்கு முதல் நாளிலேயே பெயரைத் தப்பாகப் போட்டிருந்தால் அதன்பின் ஒப்பிடுவதெல்லாம் தப்பு. சரிபார்க்க வேண்டுமென்றால் குப்பியைத்தான் திறக்க வேண்டும். ஃபார்மலினில் ஊறியதிலிருந்து டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு, ஒப்புக்கொள்கிறேன். பல்லும் எலும்பும் செதிலும் எங்கே போய்விட்டன?

அந்த இக்தியோபிஸின் சீட்டில் மாஞ்சோலை என்றும், தேயிலைக்குள் வாய்க்கால் ஓரம் என்றும், பிடித்த தேதியும் இருந்தன. நம் மலையில் இடம் என்பது சின்ன விஷயமில்லை. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே செங்கோட்டைக் கணவாய், மலையுயிர்கள் பலவற்றுக்கு வேலி. கணவாய்க்குத் தெற்கே ஒரு கிளை, வடக்கே ஒரு கிளை என்று பிரிந்து போனவை உண்டு. பிடித்தது எந்தப் பக்கம் என்று தெரியாத உடலை வைத்து எந்தக் கொடிவழியையும் வரைய முடியாது. சீட்டில்லாத குப்பி ஊறுகாய் ஜாடி. சீட்டு கூழானாலும் பதிவேட்டில் எண் இருக்கிறது, எண்ணுக்கு நேரே ஊர் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், பதிவேடு வேண்டும்.

ரங்க ராவ் என்ற இந்திய நிலவியலாளர் காஷ்மீரில் சேகரித்த புதைபடிவப் பாறைகள் அவர் காலத்துக்குப் பிறகும் வீட்டிலேயே இருந்தன. அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தில் ஒரு மண்டையோடு தவறுதலாக உடைந்தபோது, உள்ளே காதெலும்பு திமிங்கிலத்துக்கு இருப்பதுபோல் தடித்திருந்தது. சருகுமானைப் போல ஒரு சிறு குளம்பு விலங்கு, இண்டோஹையஸ், திமிங்கிலத்துக்கு நெருங்கிய உறவு என்று 2007இல் உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். ஒரு வீட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு கல்லூரியில் இருக்க முடியவில்லை.

ஆண்டு விழா மேடையில் மட்டும் தொல்காப்பியம் தவறாமல் வந்துவிடும். 'புறக்காழனவே புல்லென மொழிப' என்று சொல்லி, பனையைப் புல்லினத்தில் வைத்தவன் தமிழன் என்று கைதட்டு வாங்குவீர்கள். நானும் தட்டியிருக்கிறேன். பனை மாமரத்தைவிட நெல்லுக்குத்தான் நெருங்கிய சொந்தம் என்று இன்றைய தாவரவியலும் சொல்கிறது. ஆனால் உயரத்தைப் பார்த்து ஏமாறாமல், வயிரம், அதாவது கெட்டியான பகுதி, வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று வெட்டிப் பார்த்தவர்கள் இருந்ததால் வந்த வரி அது. அவர்கள் பனையை எடைக்குப் போடவில்லை.

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. கூடத்தை இடிக்கச் சொல்லவில்லை. டைல்ஸ் நன்றாகவே இருக்கிறது. மிச்சமிருக்கும் குப்பிகள் நாற்பது தேறும். அவற்றுக்கு ஓர் ஓரத்து அறை போதும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் பழைய மாணவர்கள் சிலரும் வந்து சீட்டெழுதி ஒட்டுகிறோம். அதற்குப் பதிவேடு வேண்டும்.

பழைய பேப்பர் கடைக்குப் போய் விசாரித்துவிட்டேன். உங்கள் கல்லூரி மூட்டைகள் பிரிக்காமல் அப்படியே கிடக்கின்றன. கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து கேட்டால் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார், எனக்குத் தரமாட்டாராம். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. தயவுசெய்து அதற்குள் ஓர் ஆளை அனுப்புங்கள். ஆட்டோச் செலவு என்னுடையது.

பணிவுடன்,
உங்கள் பழைய மாணவன்,
சேரன்மகாதேவி